ஆளுக்கொரு பிடி கொழுந்து

மாரியம்மன் கோயிலுக்குப் பெரியாயி கட்ட வேண்டிய வரிப் பாக்கி ஆயிரத்து நானூற்று எழுபது ரூபாய். புருசன் செத்த வருசத்திலிருந்து மூன்று திருவிழாவுக்கான வரி அது. தோட்டத்துக் கணக்கில் சொன்னால் பத்துப் பேருக்கான காசு. நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்தெடுத்தால் ஒரு பேர் விழும், எடை குறைந்தால் அரைப் பேர். ரெண்டு பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிற ஒத்தைப் பொம்பளையால் பத்துப் பேரை ஒரேயடியாகச் சாமிக்கு எடுத்து வைக்க ஏலவில்லை. சாமி அதற்குக் கோபித்துக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. கோயில் கமிட்டிதான் கோபித்துக்கொண்டது.

கொஸ்லந்தைக்கு மேலே, பஸ் மூச்சிரைத்து ஏறுகிற மலையில் ஊத்துக்கல் தோட்டம். அதன் மேற்பிரிவில் வரிசை வீடுகளாக நாலு லயம், ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வரி பாக்கி வைத்த வீட்டாள் கோயில் மண்டபத்துக் கூட்டத்துக்கு வரலாம், உட்காரலாம், கேட்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. அதற்கு வாய்க்கட்டு என்று பேர். பாக்கியை முழுசாகக் கட்டினால் அன்றைக்கே கட்டு அவிழும். பாதி கட்டினால் அவிழாது. யார் கொண்டுவந்த முறை என்று கேட்டால், வெள்ளைக்காரத் துரை காலத்திலேயே இருந்தது என்பார்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருசம் புரட்டாசியில், பதுளை கல்விக் கந்தோரிலிருந்து குமாரசிங்கம் ஐயா என்ற அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்து மனுசர், நரைத்த மீசை. பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டி உட்கார வைக்கிற அளவுக்கு இடம் கிடையாது. எந்தக் கூட்டமென்றாலும் கோயில் மண்டபத்தில்தான். அன்றைக்கும் பாய் விரித்தாச்சு, செருப்பை வெளியே விட்டாச்சு. தலைவர் அழகர் நடுவில் உட்கார்ந்தார். தொழிலாளர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயிலுக்கும் அவர்தான் தலைவர்.

"போன ரெண்டு வருசமும் இஞ்ச பதினேழு பிள்ளையள் பதினோராம் ஆண்டு முடிவிலை ஓ.எல். சோதனை எழுதினவை," என்றார் ஐயா. "கணக்கிலை ஒருத்தரும் பாஸ் இல்லை. இப்ப ஒரு திட்டத்திலை எட்டுத் தையல் மிசின் வந்திருக்கு. ஒரு வருசம் பழக்கி, கையிலை ஒரு தொழில் குடுப்பினம். மிசின் வைக்க ஒரு அறை வேணும். பத்தாம், பதினோராம் ஆண்டு வகுப்பை நிப்பாட்டினால் அறை கிடைக்கும். படிக்க விருப்பமானவை ஹல்துமுல்லைக்குப் போகலாம். ஆனால் கந்தோர் தானாக முடிவெடுக்காது. உங்கட கருத்தைக் கேக்கத்தான் வந்தனான்."

ஹல்துமுல்லைக்குக் காலையில் ஒரு பஸ். மழை பெய்தால் அது கீழ்ப் பாலத்தோடு திரும்பிவிடும். மலையில் மழை பெய்யாத மாதம் எது?

அழகர் தொண்டையைக் கனைத்தார். "நான் மறைக்காம சொல்றேங்க ஐயா. என் மகன் கஜேந்திரனும் அந்தப் பதினேழுல ஒருத்தன். ராவு பகலா படிச்சான், எழுதுனான், விழுந்தான். இன்னைக்குக் கொழும்புல ஒரு கடையில மூட்டை தூக்குறான். ரெண்டு வருசம் முன்னாடியே ஒரு தொழில் பழகியிருந்தா அந்த மூட்டை அவன் முதுகுல ஏறியிருக்காது. மிசின் வரட்டும்."

கணக்கு டீச்சர் லீலாதேவி எழுந்தார். ஹல்துமுல்லையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற ஒல்லியான பெண். "நான் பள்ளிக்கூடம் முடிஞ்ச பிறகும் மூண்டரையிலிருந்து அஞ்சரை வரைக்கும் வகுப்பு வைச்சனான். காசு வாங்கேல்லை. முதல் நாள் பதினொரு பேர் வந்தவை. பிறகு ஒவ்வொருத்தராக் குறைஞ்சு, கடைசியிலை ரெண்டு பேர். ஆளில்லாத வாங்கு மேசைக்கு நான் என்னத்தைப் படிப்பிக்கிறது? பெற்றோருக்கே அக்கறை இல்லை எண்டுதான் நினைச்சனான்."

அக்கறை இல்லையாமே! பெரியாயி தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டாள்.

"டீச்சரம்மா, அது என்னன்னா..."

"பெரியாயி," என்றார் அழகர், சத்தம் போடாமல். "வாய்க்கட்டு."

ஐயா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அது எங்க கோயில் முறைங்க," என்றார் அழகர். கோயில் முறை என்றதும் ஐயா தலையாட்டிக்கொண்டார். பெரியாயியும் உட்கார்ந்துவிட்டாள். அந்த நிமிசத்தில் அவளுக்கே அது தப்பாகப் படவில்லை. கோயிலுக்குள் கோயில் முறைதானே. சுற்றிலும் பார்த்தாள். வாய்க்கட்டில் இருந்த வீடுகள் எல்லாம் சின்னப் பிள்ளைகள் நிறைந்த வீடுகள். பேச விசயம் இருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் முந்தானையைத் திருகிக்கொண்டு பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரெண்டு கிழமை, பதினாலு நாள், கழித்து வெள்ளிக்கிழமை முடிவு சொல்ல வருவதாக ஐயா சொல்லிப் போனார்.

வீட்டுக்கு வந்தால் மகள் சிவசக்தி தம்பி சுபாசுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினைந்து வயசு, பத்தாம் ஆண்டு. தம்பிக்கு நாலு.

"மிசின் வருதாமே," என்றாள் மகள். "நல்லதா ஒண்ணு பாத்து எனக்குச் சொல்லி வையும்மா. தொர வீட்டுத் தலகாணிக்கெல்லாம் உறை தைக்கிறேன்."

"வாய் ரொம்ப நீளுதுடி."

"உனக்குத்தான் கட்டிட்டாங்களே. எனக்காச்சும் நீளட்டும்."

பெரியாயிக்கு அடிக்கவும் கை வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. சிவசக்தியின் அப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்ன வருத்தம், என்ன மருந்து என்று தமிழில் எடுத்துச் சொல்ல, சிங்களம் மட்டும் பேசுகிற அந்த வார்ட்டில் ஒரு ஆள் இல்லை. அன்றைக்குப் பன்னிரண்டு வயசுப் பிள்ளை சொன்னாள், நான் படிச்சு இங்க வேலைக்கு வருவேன் என்று. அழுகையோடு சொன்ன பேச்சு அழுகையோடு போகும் என்றுதான் தாய் நினைத்தாள். போகவில்லை. கணக்கு பாஸ் இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலில்கூட நிற்க முடியாது என்பது இப்போது ரெண்டு பேருக்கும் தெரியும்.

மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் ஏன் வரவில்லை? பிள்ளைக் காம்பரா நாலு மணிக்கு மூடும். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. கொழுந்து நிறுத்து முடிய ஐந்தரை ஆகும். இடையில் அந்தச் சின்னதுகளை யார் தூக்குவது? மூத்த பிள்ளைதான் தூக்க வேண்டும். லயத்தில் இதைச் சொல்லித் தெரிய வேண்டிய ஆள் யாருமில்லை. எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்பதாலேயே டீச்சரிடம் போய்ச் சொல்ல ஒருத்திக்கும் தோன்றவில்லை. இனி நானே போய்ச் சொல்கிறேன் என்று பெரியாயி மறுநாள் மலையில் சொல்லி வைத்தாள்.

நாலு நாள் கழித்து அழகர் வாசலில் வந்து நின்றார். தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார்.

"தங்கச்சி, கமிட்டியில பேசுறேன். உன் பாக்கிய அப்படியே தள்ளிரலாம். செத்தவன் வீட்டு வரி. யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

"திடீர்னு ஏண்ணே இந்த எரக்கம்?"

"நீ டீச்சரப் பாக்கப் போறதா கேள்விப்பட்டேன். போக வேணாம். அந்த வெள்ளிக்கெழம முடியட்டும். மிசின் வந்தா உன் மகளுக்குத்தான் மொத இடம்."

ஆயிரத்து நானூற்று எழுபது ரூபாய். அதை இறக்கி வைத்தால் முதுகு எவ்வளவு லேசாக இருக்கும் என்று பெரியாயிக்குத் தெரியாதா?

"அண்ணே, கடன் வச்சதுக்கு வாயக் கட்டுனீங்க. சரி. இப்போ கடனத் தள்ளுறதுக்கும் வாயத்தான் கேக்குறீங்க. அப்போ அந்த வாய் ஆயிரத்து நானூத்தி எழுபதவிடப் பெரிசாத்தான் இருக்கும்போல. நானே வச்சுக்கிறேன்."

"உன் மக விழுந்துட்டா அழுவ தங்கச்சி. நான் அழுதவன் சொல்றேன்."

கெட்ட மனுசன் இல்லை. அதனால்தான் அவருக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"அழுதா அழுதுட்டுப் போறேன். படிக்க விடாம அழக் கூடாதுல்ல."

மறுநாள் சாயங்காலம் கொழுந்து மடுவத்துக் கொட்டகையில் நிறுவைக்கு வரிசை. தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்றார். முதுகில் சாக்கோடு இருபத்திரண்டு பொம்பளைகள். அங்கேதான் பேச்சு. மிசினைப் பற்றி, டீச்சரைப் பற்றி, அழகரின் மீசையைப் பற்றி. ஒருத்தி சொல்ல ஒருத்தி வெட்ட, மடுவத் தகரம் அதிர்ந்தது.

பெரியாயிக்கு முன்னால் நின்ற ஒச்சாயி திரும்பினாள். ஐந்து பிள்ளைக்காரி, அவளுக்கும் வாய்க்கட்டு. "ஏண்டி, கோயில்ல ஊமையா இருந்தவளுக எல்லாம் இங்க வந்து என்னமா கத்துறாளுக பாரு! மாரியாத்தா நல்லவேளை கொழுந்தெடுக்க வரல. வந்திருந்தா இங்கயும் வாயக் கட்டியிருப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியாயி சிரிக்கவில்லை.

"அக்கா, இப்ப என்ன சொன்ன?"

"ஆத்தாள ஒண்ணும் சொல்லலடி, சும்மா..."

"இல்லக்கா. வாய்க்கட்டு கோயிலுக்குத்தான். பள்ளிக்கூடப் பேச்சக் கோயில்ல வச்சுப் பேசுனோம், அதான் கட்டுப்பட்டோம். அத இங்க வச்சுப் பேசுனா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். இத்தனை வருசமாக எந்தக் கூட்டமென்றாலும் பாயைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடியவர்கள் அவர்கள். இடத்தை மாற்றலாம் என்று ஒரு மனுசப் பிறவிக்கும் தோன்றியதில்லை.

"கணக்கப்பிள்ளை ஐயா," என்று ஒச்சாயி குரல் கொடுத்தாள், "இந்த மடுவத்துல பேசுறதுக்கு வரி எவ்வளவு?"

"ஈரக் கொழுந்து கொண்டாராம இருந்தாப் போதும்," என்றார் அவர், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெரியாயி அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். லீலாதேவி டீச்சரிடம் பிள்ளைக் காம்பரா கதையைச் சொன்னாள். டீச்சர் கரும்பலகையில் எழுதிய சோக்குக் கட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே."

"எங்களுக்குச் சொல்லத் தோணல. உங்களுக்குக் கேக்கத் தோணல. விடுங்க டீச்சரம்மா. ஐயாவ வெள்ளிக்கெழம நாலரைக்கு மடுவத்துக்குக் கூட்டிட்டு வருவீங்களா?"

"கூட்டிக்கொண்டு வாறன். ஆனா பெரியாயி, காரணம் சொன்னாப் போதாது. என்ன செய்யப்போறியள் எண்டு அவர் கேப்பார்."

அந்தக் கேள்வி அவளை மூன்று நாள் தூங்கவிடாமல் பிடுங்கியது. பிள்ளைக் காம்பராவை நீட்டித் திறக்கத் தோட்டத்தை நடத்துகிற துரை ஒத்துக்கொள்ள வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. தாய்மாரே ரெண்டு ரெண்டு பேராக முறை வைத்துச் சின்னதுகளைப் பார்க்கலாம். ஆனால் மூன்றரைக்கு மலையை விட்டு இறங்கினால் எடை குறையும், அரைப் பேர் விழும். எந்தத் தாய் அரைப் பேருக்கு ஒத்துக்கொள்வாள்? இதை ஒச்சாயியோடு பேசினாள், மற்றவர்களோடு பேசினாள், கொழுந்து பறித்துக்கொண்டே பேசினாள். வெள்ளிக்கிழமை வருவதற்குள் பேச்சு ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மடுவத்துக்குள் நுழைந்த குமாரசிங்கம் ஐயாவுக்கு ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். அழகர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"கூட்டம் கோயில்ல. பாய் விரிச்சாச்சு. இங்க என்ன கூத்து?"

"கோயில் கூட்டம்னா கோயில்ல வைப்போம்ணே," என்றாள் பெரியாயி. "இது பிள்ளைகளப் பத்தின பேச்சு. இங்கயே இருக்கட்டும்."

அழகர் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்தார். ஐயா, "பரவாயில்லை, நீங்களும் இருங்கோ தலைவர்," என்று பெட்டியில் நகர்ந்து இடம் கொடுத்தார். அழகர் உட்காரவில்லை.

பெரியாயி முதுகுச் சாக்கை இறக்கி வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஐயா, எங்க பிள்ளைக வகுப்புக்கு வராம இருந்தது சோம்பல்ல இல்ல. தம்பி தங்கச்சியத் தூக்க நாங்கதான் நிறுத்துனோம். எல்லாரும். இனி நிறுத்த மாட்டோம். ஒரு நாளைக்கு ரெண்டு பேரு மூணரைக்கு எறங்கிருவோம். பள்ளிக்கூடம் விட்டப்பறம் காலியா இருக்கிற பக்கத்து வகுப்பறையத் தர்றேன்னு டீச்சரம்மா சொல்லிட்டாங்க. சின்னதுக அங்க, பெரிசுக வகுப்புல."

"உங்கட சம்பளம் குறையாதோ?"

"குறையாதுங்க. எறங்குற ரெண்டு பேரோட சாக்கும் மலையிலயே நிக்கும். மிச்சம் இருவது பேரும் ஆளுக்கொரு பிடி, ரெண்டு பிடி அதுல போடுவோம். எடை நெறஞ்சிரும். அவங்க பேருலயே நிறுப்போம்."

ஐயா கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பினார். மடுவமே திரும்பியது. கணக்கப்பிள்ளை பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மறுபடி செருகினார்.

"சாக்கு வந்தா நிறுப்பேன். எந்தக் கை பறிச்சதுன்னு தராசு கேக்காது," என்றார். "தொர கேட்டா அது வேற கதை. கேக்குற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஒச்சாயி முண்டியடித்து முன்னால் வந்தாள். "ஒரு பிடின்னா உள்ளங்கைப் பிடி. சிலதுக மூணு இலையக் கிள்ளிப் போட்டுட்டு ஒரு பிடின்னு சொல்லும். நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

சிரிப்பு அடங்க, அழகர் பேசினார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

"ஐயா, இந்த மிசின வேணாம்னா அது காத்திருக்குமா?"

"இல்லை," என்றார் குமாரசிங்கம். "வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிடும். பிறகு வரும் எண்டு நான் பொய் சொல்ல மாட்டன்."

"கேட்டீங்களா? அடுத்த வருசமும் ஒருத்தரும் பாஸ் பண்ணலேன்னா மிசினும் போச்சு, படிப்பும் போச்சு. அதுக்கு என்ன சொல்ற தங்கச்சி?"

பெரியாயி அவர் பக்கம் திரும்பினாள்.

"பாஸ் பண்ணுவாங்கன்னு நான் எப்படிண்ணே சத்தியம் பண்ணுறது? ஆனா இதுவரைக்கும் விழுந்த பிள்ளைக படிச்சு விழல. இடுப்புல ஒண்ணத் தூக்கிக்கிட்டு விழுந்தாங்க. உங்க மகனும் ரெண்டு மணிக்கெல்லாம் புல்லறுக்கப் போனவன்தானே? ஒருக்கா, ஒரே ஒருக்கா, கைய வீசிக்கிட்டுப் போய் உக்காந்து படிக்கட்டும். அப்பவும் விழுந்தா, வகுப்ப மூடுங்கன்னு நானே வந்து சொல்றேன்."

அழகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புல்லறுக்க அனுப்பியது அவர்தான். அவள் அதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

ஐயா கை தூக்கச் சொன்னார். கொழுந்துக் கறை ஏறிய கைகள் எழுந்தன. ரெண்டு பேர் மட்டும் மிசின் வேண்டும் என்றார்கள், அதையும் ஐயா எழுதிக்கொண்டார். அடுத்த வருசம் டிசம்பர் சோதனை வரைக்கும் வகுப்பு இருக்கும் என்று சொல்லிவிட்டு, மெல்ல மலை இறங்கிப் போனார்.

சொல்வது சுலபம். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஐப்பசி மழையில் கொழுந்தே இல்லாத நாளில் தன் சாக்கே நிறையாதபோது இன்னொருத்திக்கு ஒரு பிடி போடக் கை கூசும். ஒருத்தி முறை நாளில் வராமல் போனாள், சண்டை வந்தது, ரெண்டு கிழமை பேச்சு வார்த்தை இல்லை. ஒருநாள் துரையே மலைக்கு வந்து ஆள் குறைகிறதே என்று கேட்டார். வயிற்றுப்போக்கு என்று ஒச்சாயி கையைப் பிசைந்துகொண்டு சொன்ன விதத்தில் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வகுப்பு நிற்கவில்லை. பதினொரு பிள்ளைகள் பதினொரு பேராகவே இருந்தார்கள். சிவசக்தி கணக்கில் முதல் தவணைச் சோதனைக்கு இருபத்திரண்டு வாங்கினாள், அடுத்ததற்கு முப்பத்தொன்று. அதற்கடுத்ததை வீட்டுக்கு வந்து சொல்லாமலே தம்பியைத் தூக்கிச் சுற்றினாள். தாய்க்கு விளங்கிவிட்டது.

பெரியாயி அந்த வருசத்து வரியை ஊரோடு ஊராகக் கட்டினாள். பழைய பாக்கி அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில், அன்றைக்கே கிடைக்கிற கைக்காசுக்குக் கொழுந்தெடுத்தாள், மற்றவர்கள் உடுப்புத் துவைக்கிற நாளில். தை கழிந்து சேர்க்க ஆரம்பித்த காசு கார்த்திகையில்தான் முழுசானது.

சோதனைக்கு மூன்று கிழமை இருக்கும்போது கோயில் கமிட்டி கூடிய அன்றைக்கு மண்டபத்துக்குப் போனாள். அழகருக்கு முன்னால் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

அவர் காசைத் தொடவில்லை. "பாதி போதும் தங்கச்சி. கமிட்டியில எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. இந்தத் தடவ ஒண்ணும் பதிலுக்குக் கேக்க மாட்டேன்."

"தெரியும்ணே. ஆனா முழுசா எடுத்துக்கங்க. நாளைக்குப் பிள்ளைக பாஸ் பண்ணாலும் விழுந்தாலும், வரி கட்டாதவ சொன்ன யோசனைன்னு ஒரு பேச்சு வரக் கூடாது."

அழகர் எண்ணினார். நூறு, ஐம்பது, இருபது, கசங்கிய பத்து ரூபாய்த் தாள்கள். ஆயிரத்து நானூற்று எழுபது. ஒரு தரம் எண்ணிவிட்டு மறுபடி எண்ணாமல் உண்டியல் பெட்டியில் போட்டார்.

"தீந்துச்சு," என்றார். "இனி நீ இங்கயும் பேசலாம்."

"பேசத்தான் நிக்கிறேன். சோதனை கொஸ்லந்தையில நடக்குது. காலையில பஸ்ஸ நம்ப ஏலாது. பதினொரு பிள்ளைக்கும் கோயில் காசுல ஒரு வேன் பிடிக்கணும்."

கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ, திருவிழாக் காசில் கை வைக்கலாமா என்று முனகினார்கள். அழகர் பெட்டியைத் திறந்து, அவள் கட்டிய தாள்களையே வெளியே எடுத்தார்.

"வேன்காரன் எவ்வளவு கேக்குறான்?"